சிறைக்குப் பதில் சிகிச்சை: இங்கிலாந்தில் பெண்களுக்கான சமூகத் தண்டனை எப்படி நடக்கிறது?

கடையில் திருடியதற்காக ஒரு பெண் ஐந்தாவது தடவையாக நீதிமன்றத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன முறை போட்ட அபராதத்தையே இன்னும் கட்டவில்லை. எச்சரித்து அனுப்பியதெல்லாம் பழைய கதை. இனி சிறைதான் என்று தோன்றும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த இடத்தில் சட்டம் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. ‘சிறைக்குப் போக வேண்டாம். ஆனால் இத்தனை மாதம் சிகிச்சைக்கு ஒழுங்காக வர வேண்டும். டிமிக்கி கொடுத்தால் திரும்ப இங்கேதான் வந்து நிற்க வேண்டும்’ என்று நீதிமன்றம் சொல்லலாம். சிகிச்சை நிபந்தனையுடன் கூடிய சமூகத் தண்டனை என்பது இதுதான்.

இது மன்னித்து விடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டிருப்பார், அல்லது விசாரணையில் நிரூபணமாகியிருக்கும். குற்றப் பதிவில் பெயர் ஏறிவிடும். வழக்குக்கு முன்பே போலீஸ் எச்சரித்து வேறு உதவிக்கு அனுப்பும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே நடப்பது முழுக்க முழுக்கத் தண்டனைதான். தண்டனைக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சட்டம் சொல்வது

சமூகத் தண்டனையின் இன்றைய வடிவம் 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தில் வந்தது. 2005 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இப்போது அந்த விதிகள் 2020ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருக்கின்றன. அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு பட்டியலிலிருந்து நீதிமன்றம் பொறுக்கி எடுக்கும்: சம்பளமில்லாத வேலை, இரவில் வீட்டைவிட்டு வெளியே போகத் தடை, நன்னடத்தை அதிகாரியைக் குறித்த நாளில் சந்திப்பது, இப்படி. அந்தப் பட்டியலில் மூன்று சிகிச்சை நிபந்தனைகள் உண்டு. ஒன்று மனநலத்துக்கு, ஒன்று போதைப்பொருளுக்கு, ஒன்று மதுவுக்கு. சிறைத் தண்டனை விதித்து அதை நிறுத்தி வைக்கும்போதும் இதே நிபந்தனைகளைச் சேர்க்கலாம்.

போதைப்பொருள் நிபந்தனையில் சிகிச்சையோடு பரிசோதனையும் உண்டு. சிறுநீரோ உமிழ்நீரோ எடுத்துப் பார்ப்பார்கள். அவ்வப்போது நீதிமன்றமே கூப்பிட்டு, எப்படிப் போகிறது என்று விசாரிக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட நிபந்தனை என்றால் இந்த மறுஆய்வு கட்டாயம். ஹெராயின் பழக்கம் உள்ளவருக்கு மெதடோன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்து, அதோடு ஆலோசனையும் தருவது வழக்கமான முறை. ஒரு தடவை பரிசோதனையில் சிக்கியதுமே தூக்கிச் சிறையில் போட்டுவிடுவதில்லை. அடிமைத்தனம் ஒரே மூச்சில் விடுபடும் விஷயமல்ல என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மது நிபந்தனையை இன்னொன்றோடு போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். காலில் ஒரு பட்டை மாட்டி, அரை மணிக்கு ஒருமுறை வியர்வையில் மது இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு வேல்ஸில் 2020 இறுதியிலும் இங்கிலாந்தில் 2021லும் வந்தது. அதிகபட்சம் 120 நாள். அது குடித்துவிட்டு வம்பு செய்பவர்களுக்கு. குடிக்கு அடிமையானவர்களுக்கு அல்ல. காரணம் எளிது. நாள் முழுக்கக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ‘நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடக் கூடாது’ என்று நீதிமன்றம் அவருக்கு உத்தரவு போட முடியாது. அவருக்கு வேண்டியது சிகிச்சை நிபந்தனை. படிப்படியாகக் குறைப்பதும் அதில் சேர்த்திதான்.

மனநல நிபந்தனையில் இரண்டு தரம். தீவிர மனநோய் உள்ளவரை மனநல மருத்துவர் குழு பார்க்கும். மற்றவர்களுக்கு, அதாவது நீண்டநாள் மனச்சோர்வு, பதற்றம், பழைய வன்முறையின் பாதிப்பு என்று இருப்பவர்களுக்கு, உளவியலாளரின் மேற்பார்வையில் ஒரு சிகிச்சையாளர் தனியாகப் பேசும் பன்னிரண்டு அமர்வுகள். இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது இரண்டாவது வகை. சட்டம் சொல்லும் வரையறை இதுதான்: சிகிச்சை பலன் தரக்கூடிய நிலையாக இருக்க வேண்டும், ஆனால் மருத்துவமனையில் அடைத்து வைக்க வேண்டிய அளவுக்குப் போயிருக்கக் கூடாது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விதி, சம்மதம். அவர் ஒத்துக்கொள்ளாமல் நீதிமன்றம் சிகிச்சையைத் திணிக்க முடியாது. இந்தியாவிலும் இந்த யோசனை அறவே இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ குற்றவாளியென முடிவான அடிமையை, அவர் சம்மதத்தோடு, சிறைக்குப் பதில் அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்கு அனுப்ப இடம் தருகிறது.

பெண்களுக்கு மட்டும் ஏன் தனிப் பேச்சு?

சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் சிறைக்குப் போகும் பெண்களின் கதை வேறு மாதிரி இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருக்கும் சுமார் 87,000 பேரில் பெண்கள் ஏறக்குறைய 3,500 பேர்தான், நூற்றுக்கு நான்கு. ஆண்டுதோறும் சிறைத் தண்டனை பெறும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விதிக்கப்படுவது ஆறு மாதமோ அதற்கும் குறைவோதான். அதிலும் பாதியோ அதற்குக் குறைவோ உள்ளே இருந்தால் போதும். பன்னிரண்டு வாரத் தண்டனை என்றால் ஆறு வாரத்துக்குள் வெளியே வந்துவிடலாம். திருந்தவோ, ஒரு தொழில் கற்றுக்கொள்ளவோ, சிகிச்சை தொடங்கவோ ஆறு வாரம் எந்த மூலைக்கு? ஆனால் வீட்டு வாடகை பாக்கி ஏறவும், வேலை போகவும், பிள்ளைகள் வேறு கைக்கு மாறவும் அது தாராளமாகப் போதும்.

பிள்ளைகள் விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ஆண் சிறைக்குப் போனால் பெரும்பாலும் தாய் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். தாய் போனால் தந்தை பொறுப்பேற்பது 100க்கு 9 பிள்ளைகள் விஷயத்தில்தான் என்று 2007இல், பெண்களை நீதித்துறை நடத்தும் விதம் பற்றிய கார்ஸ்டன் அறிக்கை எடுத்துக் காட்டியது. மீதிப் பேர் பாட்டி வீடு, சித்தி வீடு, அல்லது அரசின் பராமரிப்பு என்று சிதறிப்போகிறார்கள். வேல்ஸில் பெண்களுக்கென்று ஒரு சிறைகூடக் கிடையாது. அங்கிருந்து தண்டிக்கப்படும் பெண்ணை எல்லை தாண்டி, க்ளாஸ்டர்ஷயரில் உள்ள ஈஸ்ட்வுட் பார்க் சிறைக்கோ செஷயரில் உள்ள ஸ்டையல் சிறைக்கோ அனுப்புகிறார்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு பாட்டி பார்க்கப் போவதென்றால் ஒரு முழு நாள் போய்விடும்.

கார்ஸ்டன் அறிக்கை பிறந்ததே ஸ்டையல் சிறையிலிருந்துதான். 2002 ஆகஸ்டிலிருந்து 2003 ஆகஸ்ட் வரை, ஒரே ஆண்டில் அங்கே ஆறு பெண்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான், எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெண்களை நீதித்துறை எப்படி நடத்துகிறது என்று ஆராயும்படி மேலவை உறுப்பினர் ஜீன் கார்ஸ்டனிடம் அரசு கேட்டது. அவர் 43 பரிந்துரைகள் கொடுத்தார். சமூகத்துக்கு ஆபத்தில்லாத பெண்ணைச் சிறையில் போடாதீர்கள். ஊருக்கு ஊர் பெண்கள் மையங்கள் வையுங்கள். பெரிய சிறைகளைப் பத்தாண்டுக்குள் மூடிச் சிறு காப்பகங்களாக மாற்றுங்கள் என்பது சாரம். பத்தாண்டு எப்போதோ கடந்துவிட்டது. லண்டனின் ஹாலோவே சிறை மட்டும் 2016இல் மூடப்பட்டது. அங்கே அடைக்கப்பட்டிருக்க வேண்டியவர்கள் இப்போது சர்ரே பக்கம் உள்ள சிறைகளுக்குப் போகிறார்கள்.

சிறைக்குள் வரும் பெண்கள் யார் என்பதையும் அரசின் கணக்கே சொல்கிறது. 2018இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட பெண் குற்றவாளிகளுக்கான திட்ட அறிக்கைப்படி, மதிப்பீடு செய்யப்பட்ட பெண்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள். டிரேக் ஹால் சிறையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஆய்வு இன்னும் திடுக்கிட வைப்பது: அங்கே பரிசோதிக்கப்பட்ட பெண்களில் 64 சதவீதம் பேருக்கு மூளைக்காயம் பட்டதற்கான அறிகுறி இருந்தது. அதில் பெரும்பாலோருக்கு அது கணவனோ துணையோ அடித்ததால் வந்தது. சொன்னது மறந்துபோவது, சட்டென்று ஆத்திரப்படுவது, குறித்த நேரத்துக்கு வராமல் போவது எல்லாம் மூளைக்காயத்தின் விளைவாகவும் இருக்கலாம். கூண்டில் நிற்கும்போது அது திமிராகத்தான் தெரியும்.

குற்றங்களும் அதற்கேற்றாற்போலத்தான். கடைத் திருட்டு முதலிடம். அப்புறம், குடிபோதையிலோ மன நெருக்கடியிலோ தன்னைப் பிடிக்க வந்த போலீஸ்காரரை உதைத்தது, ஆம்புலன்ஸ் ஊழியரைக் கடித்தது போன்ற வழக்குகள். இதற்கென்றே 2018இல் தனிச் சட்டம் வந்தது. உதவிக்கு வந்தவரையே அடிப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றவளைக் கீழே இறக்கும்போது விழுந்த உதைக்கு, சிறை என்ன பாடம் சொல்லித் தரும்?

சட்டம் இருந்தும் தூங்கியது ஏன்?

எனக்கு இந்த விஷயத்தில் மிகச் சுவையாகத் தெரிவது இதுதான். மனநல நிபந்தனை 2005 முதலே சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் பல ஆண்டுகள், விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் நூற்றில் ஒன்றுகூட அது இல்லை. நீதிபதிகளுக்கு மனமில்லாததால் அல்ல. வேலை நடக்கிற விதம் அப்படி. நிபந்தனை விதிக்க வேண்டுமானால், அதற்கென அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர் ஒருவர் அறிக்கை தர வேண்டும் என்பது அப்போது விதி. அவர் நேரம் கொடுக்க வாரக்கணக்காகும். அறிக்கைக்குப் பணம் யார் தருவது என்பதில் இழுபறி. அதுவரை வழக்கை ஒத்திவைக்க வேண்டும். வழக்கறிஞரும் நீதிபதியும் அலுத்துப்போய், ‘சரி, வேறு ஏதாவது போட்டு முடிப்போம்’ என்று விட்டுவிடுவார்கள்.

2012இல் வந்த ஒரு சட்டம் அந்த முட்டுக்கட்டையை எடுத்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவரின் அறிக்கைதான் வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. பிறகும் சில ஆண்டுகள் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2017இல் நீதி அமைச்சகம், சுகாதாரத் துறை, தேசியச் சுகாதாரச் சேவை எல்லாம் சேர்ந்து பர்மிங்ஹாம், மில்டன் கீன்ஸ், நார்தாம்டன், பிளிமத், செஃப்டன் ஆகிய ஐந்து இடங்களில் ஒரு புது நடைமுறையைச் சோதித்துப் பார்த்தார்கள். புதுமை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிகிச்சையாளரை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான். அது வேலை செய்தது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். காலை பத்து மணிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் கூடுகிறது. அங்கே உட்காருகிற மூவரும் சம்பளம் வாங்காத, சட்டம் படித்தே ஆக வேண்டும் என்றில்லாத, ஊர்க்காரர்கள். சட்டம் தெரிந்த ஆலோசகர் ஒருவர் கூட இருப்பார். நம் கற்பனைப் பெண் இலவச வழக்கறிஞரிடம் பேசிவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். இதற்கு முன்பே, காவல் நிலையத்திலோ நீதிமன்றக் காவல் அறையிலோ இருக்கும் மனநலச் செவிலியர் அவரிடம் பேசி, தூக்கமில்லை, குடிக்கிறார், வீட்டில் அடி என்பதைக் குறித்து வைத்திருப்பார். நீதிமன்றம் தண்டனையை உடனே சொல்லாமல், நன்னடத்தை அதிகாரியிடம் அறிக்கை கேட்கிறது. அதற்குள் சிகிச்சையாளர் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போகிறார். மனச்சோர்வையும் பதற்றத்தையும் அளக்கும் ஒரு பக்கக் கேள்வித்தாள்கள்; கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்கிற மாதிரியான கேள்விகள். அப்புறம் முக்கியமான கேள்வி: பன்னிரண்டு தடவை வந்து பேச உங்களுக்குச் சம்மதமா?

சம்மதமென்றால், மேற்பார்வை செய்யும் உளவியலாளரிடம் சிகிச்சையாளர் கலந்து பேசுகிறார். அவர் சரியென்றதும் அறிக்கை நன்னடத்தை அதிகாரிக்குப் போய்ச் சேர்கிறது. எல்லாம் கூடி வந்தால் அன்றைக்கே, மதியத்துக்குப் பிறகு, தண்டனை சொல்லப்படுகிறது. ஒத்திவைப்பு இல்லை, வாரக்கணக்கான காத்திருப்பு இல்லை. அந்தக் காத்திருப்பில்தான் முன்பெல்லாம் பலர் காணாமல் போய்விடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சமூகத் தண்டனையில் தண்டிக்கும் நோக்கம் கொண்ட ஒரு நிபந்தனையாவது, இல்லையென்றால் ஒரு அபராதமாவது இருந்தே ஆக வேண்டும்; விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய இதைத் தட்ட முடியாது. ஆகவே சிகிச்சையோடு இரவு ஊரடங்கும் சேர்ந்து வரலாம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அவளை அடிக்கிறவன் இருக்கும் அதே வீட்டில், இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை அவளைப் பூட்டி வைப்பதற்கு அது சமம். நல்ல நன்னடத்தை அதிகாரி இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு அறிக்கையில் எழுதிவிடுவார். அவசர அறிக்கையில் இது விட்டுப்போவதும் உண்டு.

பன்னிரண்டு அமர்வில் என்ன நடக்கிறது?

வாரத்துக்கு ஒருமுறை, சுமார் ஒரு மணி நேரம். முதல் ஓரிரண்டு அமர்வு வெறும் நம்பிக்கை பிடிக்கத்தான். எத்தனையோ அதிகாரிகளிடம் எத்தனையோ தடவை கதை சொல்லிச் சலித்துப்போனவர், இன்னொரு அதிகாரி என்றுதான் வருவார். பழைய காயத்தை எடுத்த எடுப்பிலேயே கிளறுவதில்லை. தூக்கம், பதற்றம் வரும்போது மூச்சைச் சீராக்குவது, ஆத்திரம் எங்கே தொடங்குகிறது என்று கவனிப்பது, கடன் கடிதங்களைத் திறந்து பார்க்கும் தைரியம், இப்படிக் கைக்கு எட்டும் விஷயங்களிலிருந்து ஆரம்பம். மூளைக்காயம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், பேசியதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பதும் முந்தின நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதும்கூடச் சிகிச்சையோடு சேர்ந்ததுதான்.

எங்கே நடக்கிறது என்பது, என்ன நடக்கிறது என்பதைவிடச் சில சமயம் முக்கியம். நன்னடத்தை அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவன் அவளை முன்பு அடித்தவனாக இருக்கலாம். அவளுக்குப் போதைப்பொருள் விற்றவனாகவும் இருக்கலாம். இதனால்தான் பெண்கள் மையங்கள். பர்மிங்ஹாமின் பால்சால் ஹீத் பகுதியில் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய அனாவிம், இங்கிலாந்தின் வடக்கே கால்டர்டேலில் உள்ள மையம் போன்றவை இதில் பெயர் வாங்கியவை. மற்றவர்களோடு சேர்ந்து வரலாம். யார் தண்டனைக்கு வந்தவர், யார் தானாக உதவி தேடி வந்தவர் என்று வாசலில் தெரியாது. நன்னடத்தை அதிகாரியே அங்கு வந்து சந்திப்பார். வீட்டு வசதி, கடன், பிள்ளைகள் வழக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆள் ஒரே கூரையின் கீழ். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருந்தால் வருகை கூடும். இல்லையென்றால், பள்ளி விட்டதும் மூன்றேகால் மணிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டியவளுக்கு மூன்று மணிக்கு அமர்வு வைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

வராமல் போனால்? தகுந்த காரணமில்லாமல் முதல் தடவை தவறினால் எச்சரிக்கை. பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே அபராதம் போடலாம், நிபந்தனையைக் கடுமையாக்கலாம், தண்டனையை ரத்து செய்து புதிதாக, சிறை உட்பட, விதிக்கலாம். ஒரு நுணுக்கம்: ஒரு குறிப்பிட்ட அறுவைச் சிகிச்சையையோ மின்சிகிச்சையையோ வேறு சிகிச்சையையோ நியாயமான காரணத்தோடு மறுத்தால், அந்த ஒரு காரணத்துக்காக நிபந்தனையை மீறியதாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உடம்பு அவருடையது என்பதைத் தண்டனையும் மறுக்க முடியாது.

பலன் உண்டா?

ஆணும் பெண்ணும் சேர்ந்த கணக்குத்தான் கையில் இருக்கிறது. 2018இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சை நிபந்தனை பெற்றவர்கள், அதே நிலையில் இருந்தும் பெறாதவர்களைவிட, ஓராண்டுக்குள் மறுபடி குற்றம் செய்வது சுமார் 3.5 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு வருடத்துக்குக் குறைந்த சிறைத் தண்டனை பெற்றவர்கள், சமூகத் தண்டனையோ நிறுத்தி வைத்த தண்டனையோ பெற்ற அதே மாதிரி ஆட்களைவிட அதிகமாக மறுபடி குற்றம் செய்கிறார்கள் என்று கண்டது. வித்தியாசம் 4 சதவீதப் புள்ளி. பிரமாதமான எண்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிறையில் ஒருவரை ஓராண்டு வைத்திருக்க 50,000 பவுண்டுக்கு மேல் செலவாகிறது. அவ்வளவு செலவழித்துக் கொஞ்சம் மோசமான பலனை வாங்குவதை எந்தக் கணக்கில் நியாயப்படுத்துவது?

எதிர்வாதங்களில் சில எனக்குப் பலமானவையாகவே படுகின்றன. சம்மதம் என்கிறோம், ஒரு பக்கம் சிறை, மறு பக்கம் சிகிச்சை என்று நிறுத்தி வைத்துக் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? சிகிச்சையாளர்கள் இதற்குத் தரும் பதில், வேண்டாவெறுப்பாக வந்தவர்களும் மூன்றாம் நான்காம் அமர்வில் தாங்களாகவே பேச ஆரம்பிக்கிறார்கள் என்பது. அது ஓரளவுதான் பதில். அடுத்து, சாதாரண அபராதத்தோடு போயிருக்க வேண்டிய பெண்ணுக்கு ‘உதவி கிடைக்கட்டுமே’ என்று இரக்கப்பட்டு ஓராண்டுச் சமூகத் தண்டனை விதித்து, அதில் இரண்டு தடவை தவறியதால் அவள் கடைசியில் சிறைக்குப் போவது. இரக்கத்தின் பெயரில் தண்டனையை ஏற்றிவிடும் இந்த ஆபத்தை வழக்கறிஞர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரரின் பக்கமும் இருக்கிறது. அதே பெண் வாரத்துக்கு மூன்று தடவை வந்து அலமாரியைக் காலி செய்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஊழியருக்கு, அவளுக்குச் சிகிச்சை என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலை அறியாமை என்று ஒதுக்குவது சரியில்லை. ஆறு வாரச் சிறை அவருக்குத் தருவது ஆறு வார நிம்மதி. ஏழாவது வாரம் அவள் திரும்ப வருவாள், இந்தத் தடவை வீடும் இல்லாமல். இதைச் சொல்லிப் புரியவைக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

இன்னொரு பழைய தலைவலி, குடியும் மனநோயும் ஒன்றாக இருப்பவர்கள். முதலில் குடியை விட்டுவிட்டு வா என்று மனநலப் பிரிவு சொல்லும். முதலில் மனதைச் சரிசெய்துகொண்டு வா என்று மதுப் பிரிவு சொல்லும். இரண்டு நிபந்தனைகளையும் ஒரே தண்டனையில் இணைத்து விதிக்க முடியும் என்பது இதற்கு நல்ல மருந்து. இரு பக்கமும் ஒரே நாளில் பேசியாக வேண்டிய கட்டாயம் வருகிறது. ஆனால் இருபது வருட வன்முறைக்குப் பன்னிரண்டு மணி நேரம் போதாது. அமர்வுகள் முடிந்தபின் ஊரில் உள்ள மனநலச் சேவையில் சேர்த்துவிட வேண்டும். அங்கே வரிசை நீளம்.

அரசும் ஒரே திசையில் நடப்பதில்லை. 2018இல் சிறையைக் குறைப்போம் என்று திட்டம் போட்டது. 2021 ஜனவரியில் பெண்கள் சிறைகளில் 500 புதிய இடங்கள் கட்டுவதாக அறிவித்தது. 2024 ஜூலையில் ஆட்சி மாறியபின், செப்டம்பரில் பெண்களுக்கான நீதி வாரியம் அமைப்போம் என்றது. 2025 மே மாதம் முன்னாள் நீதி அமைச்சர் டேவிட் காக் தலைமையிலான மறுஆய்வு, ஓராண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனை விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதையொட்டிய மசோதா அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் சட்டம் தனி. அங்கே குறுகிய தண்டனைகளைத் தவிர்க்கும் விதி 2019 முதல் ஓராண்டுவரையான தண்டனைகளுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை சீர்திருத்தத்திலும் பிடிபடாமல் நழுவுகிற ஒரு கூட்டம் இருக்கிறது: விசாரணைக் காலத்தில் ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருக்கும் பெண்கள். சிகிச்சை நிபந்தனை தண்டனையின் பகுதி. தண்டனை வரும்வரை அது கிடைக்காது. நிலையான முகவரி இல்லை, தன் உயிருக்கே ஆபத்து செய்துகொள்வாள் என்ற காரணங்களுக்காக ஜாமீன் மறுக்கப்படுகிறவள் ஆறு, எட்டு வாரம் சிறையில் கிடக்கிறாள். வழக்கு முடியும் நாளில், ஏற்கெனவே உள்ளே இருந்த காலமே தண்டனைக்கு ஈடு என்று கணக்குப் பார்த்து அன்றே விட்டுவிடுகிறார்கள். சிறையையும் அனுபவித்தாயிற்று, வீடும் போயாயிற்று. மதிப்பீடு செய்ய சிகிச்சையாளர் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருந்தாலும், அவரிடம் இவளை அனுப்ப நீதிமன்றத்துக்கு அப்போது எந்த அதிகாரமும் மிச்சமில்லை.